காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, கால் போயிடுச்சு

1/
குழந்தைக்கு முதல் காய்ச்சல் வர்ற ராத்திரி வீட்ல யாரும் தூங்க மாட்டாங்க. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறது, தெர்மாமீட்டரைத் தேடுறது, ஊருக்கு போன் போட்டு பாட்டியை எழுப்புறதுனு விடிஞ்சிடும். காலையில ஓபி-ல வந்து உட்கார்ந்ததும் பாதிப் பேர் சொல்ற முதல் வாக்கியம்: "டாக்டர், ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க, சீக்கிரம் சரியாயிடும்."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னாடி நம்ம ஊர்ல ஒரு சோகமான வரலாறு இருக்கு. நீளமான இழைதான். கைக்குழந்தை இருக்கிற வீட்ல யாராவது ஒருத்தர் முழுசா படிச்சிடுங்க.

2/
உங்க சொந்தத்துலயோ தெருவுலயோ 40, 50 வயசுல ஒருத்தர் இருப்பார். ஒரு கால் மட்டும் மெலிஞ்சு, குட்டையா, முழங்காலைக் கையால அழுத்திக்கிட்டு நடப்பார். அவரோட அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. ஊர் எதுவா இருந்தாலும் பதில் அநேகமா இப்படித்தான் இருக்கும்: "நல்லா நடந்துட்டு இருந்த பிள்ளைப்பா. காய்ச்சல் வந்துச்சு. ஊசி போட்டாங்க. கால் போயிடுச்சு."

3/
படிச்சவங்க பல பேர் இதை அறியாமைனு ஒதுக்கிட்டாங்க. "அது போலியோ வைரஸ்மா, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல"னு சொல்லி அனுப்பினாங்க. இன்னொரு கூட்டம் இதையே பிடிச்சுக்கிட்டு "ஊசினாலே ஆபத்து, தடுப்பூசியும் வேண்டாம்"னு கிளம்பிடுச்சு.

ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. அந்த அம்மாக்கள் சொன்னதுல பாதி உண்மை. எந்தப் பாதினு பார்ப்போம்.

4/
முதல்ல நோய். போலியோ வைரஸ் மலத்தால அசுத்தமான தண்ணி, கை வழியா வாய்க்குள்ள போய் குடல்ல பெருகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒண்ணுமே தெரியாது. சிலருக்கு ரெண்டு மூணு நாள் சாதாரண காய்ச்சல், தொண்டை வலி, வாந்தி. அவ்ளோதான், சரியாயிடும். தொற்று வந்த சுமார் 200 பேர்ல ஒருத்தருக்குத்தான் வைரஸ் தண்டுவடத்துக்குப் போய் தசையை இயக்குற நரம்பு செல்களை அழிக்கும். அந்தக் குழந்தைக்குத்தான் கை, கால் விழும்.

அதாவது, போலியோவோட முதல் அறிகுறி மத்த எந்தக் காய்ச்சல் மாதிரியும்தான் இருக்கும். பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

5/
இதுக்கு "இளம்பிள்ளை வாதம்"னு பேர் வந்தது சும்மா இல்ல. தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி பிறந்த முதல் சில மாசங்கள்ல மெல்லக் குறைஞ்சிடும். அப்புறம் குழந்தை தவழும், தரையில கிடக்கிறதை எல்லாம் வாயில வைக்கும். வைரஸ் எங்கும் இருந்த அந்தக் காலத்துல, நம்ம ஊர்க் குழந்தைகளை அது பிடிச்சது பெரும்பாலும் 6 மாசத்துல இருந்து 2, 3 வயசுக்குள்ள. முதல் காய்ச்சல்கள் வர்ற வயசும் அதேதான். நடக்க ஆரம்பிக்கிற வயசும் அதேதான்.

6/
இப்போ ஊசிக்கு வருவோம். நம்ம தாத்தா பாட்டி காலத்துல காய்ச்சலுக்கு ஊசி கிடையாது. டாக்டர் சீட்டு எழுதுவார், கம்பவுண்டர் பாட்டில்ல மிக்சர் ஊத்திக் கொடுப்பார். பாட்டில் பக்கவாட்டுல வெட்டின காகிதத்தை ஒட்டி ஒரு வேளைக்கு எவ்வளவுனு அளவு காட்டியிருப்பாங்க. வீட்ல கஷாயம், பத்துப் போடுறது, அம்மனுக்கு வேண்டிக்கிறது. பல நோய்களுக்கு உண்மையான மருந்தே கிடையாது.

7/
இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் பென்சிலின் வந்துச்சு. நிமோனியாவுல சாகக் கிடந்தவங்க எழுந்து உட்கார்ந்தாங்க. ஆனா அந்த முதல் பென்சிலினை வாய் வழியா கொடுத்தா வயித்துல இருக்கிற அமிலம் அழிச்சிடும். அதனால ஊசியாத்தான் போடணும். 1950கள்ல புனே பக்கத்துல பிம்ப்ரியில அரசே பென்சிலின் தயாரிக்க ஆரம்பிச்சது.

மக்கள் இதுல ஒரு பாடம் கத்துக்கிட்டாங்க: உயிரைக் காப்பாத்துற மருந்துனா அது ஊசியாத்தான் வரும். அந்தக் காலத்துக்கு அது நியாயமான பாடமும்கூட.

8/
அடுத்த 30, 40 வருஷத்துல ஊசி எல்லாக் காய்ச்சலுக்கும் வந்துடுச்சு. ஸ்டீல் டப்பாவுல கொதிக்கிற கண்ணாடி சிரிஞ்ச் ஞாபகம் இருக்கிறவங்க இருப்பீங்க. காய்ச்சல் குறைக்க ஒரு ஊசி, மலேரியாவா இருக்கலாம்னு ஒரு ஊசி, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஆன்டிபயாடிக் ஊசி. குழந்தைனா பெரும்பாலும் இடுப்புக்குக் கீழ, பின்பக்கத்துல. ஊசி போடாத டாக்டர்கிட்ட அடுத்த வாட்டி யாரும் போக மாட்டாங்க. போட்டவர் கைராசிக்காரர்.

9/
போலியோ கிருமி உடம்புல இருந்து லேசான காய்ச்சலோட இருக்கிற குழந்தைக்கு தசையில ஊசி போட்டா என்ன ஆகும்?

இதை முதல்ல தெளிவா எழுதி வச்சது வெளிநாட்ல. 1949ல ஆஸ்திரேலியாவோட மெல்போர்ன்ல போலியோ பரவினப்போ, பெர்ட்ராம் மெக்ளாஸ்கி என்ற மருத்துவர் ஒண்ணு கவனிச்சார். சமீபத்துல கக்குவான், தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டிருந்த சில குழந்தைகளுக்கு, ஊசி போட்ட அதே கை அல்லது காலே விழுந்திருந்தது. 1950ல அதைப் பிரசுரிச்சார். லண்டன்லயும் அதே சமயத்துல மருத்துவர்கள் இதையே பார்த்தாங்க.

10/
"தடுப்பூசியே வேண்டாம்"னு அவங்க முடிவு கட்டல. போலியோ பரவுற சீசன்ல மட்டும் மத்த ஊசிகளைத் தள்ளி வச்சாங்க. 1955ல ஜோனாஸ் சால்க்கோட போலியோ தடுப்பூசி வந்ததும் அந்தப் பிரச்னையே அங்க முடிஞ்சு போச்சு. போலியோவே இல்லாத குழந்தைக்கு ஊசியால கால் விழாது இல்லையா?

அதோட அவங்க ஊர்ல இந்த விஷயத்தை மறந்துட்டாங்க. நம்ம ஊர்ல வைரஸும் இருந்துச்சு, ஊசியும் இருந்துச்சு.

11/
இங்க இதை ஆராய்ஞ்ச முக்கியமான வேலை ஒண்ணு நமக்குப் பக்கத்துல, பாண்டிச்சேரி ஜிப்மர்ல நடந்துச்சு. மகாதேவன், சீனிவாசன் ஆகிய மருத்துவர்களும் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் எச்.வி. வையட்டும் சேர்ந்து, போலியோவால கால் விழுந்து வந்த குழந்தைகளோட விவரங்களை அலசினாங்க. 1992ல வெளிவந்த அந்தக் கட்டுரையோட தலைப்பே, தேவையில்லாத ஊசிகளையும் இந்தியாவுல போலியோ வாதத்தையும் பத்தினது. வாதம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, வெறும் காய்ச்சலுக்காக ஊசி போடப்பட்டிருந்த குழந்தைகள் கணிசமா இருந்தாங்க.

12/
இங்க ஒரு நல்ல கேள்வி வரும். "காய்ச்சல் வந்ததால ஊசி போட்டாங்க. காய்ச்சலே போலியோவாலதான். அப்போ ஊசி போடலைனாலும் கால் போயிருக்குமே?" சில குழந்தைகள் விஷயத்துல அது சரியாகவும் இருக்கலாம்.

ஆனா அது மட்டும்தான் காரணம்னா, வாதம் எந்தக் காலைத் தாக்கும்ங்கிறது ஊசி எங்க போட்டாங்கங்கிறதைப் பொறுத்து மாறக் கூடாது. மாறுச்சு. மெல்போர்ன்லயும் லண்டன்லயும் கவனத்தை இழுத்ததே, ஊசி ஏறின அதே கை, கால் விழுந்ததுதான்.

13/
எப்படி நடக்குதுங்கிறது 1998ல எலிகள்ல தெரிஞ்சது. அமெரிக்காவுல க்ரோமையர், விம்மர்னு ரெண்டு விஞ்ஞானிகள் காட்டினது இது: ஊசியால தசையில காயம் படும்போது, ரத்தத்துல சுத்திட்டிருக்கிற வைரஸ் அந்தத் தசையோட நரம்பைப் பிடிச்சு, அது வழியா சுலபமா தண்டுவடத்துக்கு ஏறிடுது.

ஊசி போலியோவை உண்டாக்கல. வைரஸ் ஏற்கெனவே உள்ள இருந்துச்சு. காய்ச்சலோட போயிருக்க வேண்டிய பல குழந்தைகளுக்கு, அந்த வைரஸ் நரம்புக்குள்ள ஏற ஊசி வழி விட்டுச்சு.

அம்மாக்கள் சொன்ன பாதி உண்மை இதுதான்.

14/
இந்த வரலாறோட சென்னை முகவரி ஒண்ணு உண்டு. அடையாறு பாலத்துக்கு முன்னாடி, ராஜா அண்ணாமலைபுரத்துல எம்ஜிஆர் ஜானகி கல்லூரி இருக்கிற ரோட்டுக்கு டாக்டர் துர்காபாய் தேஷ்முக் ரோடுனு பேர். சுதந்திரப் போராட்ட வீரர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1930களோட கடைசியில மயிலாப்பூர்ல சின்னதா ஆரம்பிச்ச ஆந்திர மகிளா சபாவை வளர்த்தவர். அந்த ரோட்டுலதான் சபாவோட மருத்துவமனையும், ஈஸ்வரி பிரசாத் தத்தாத்ரேயா எலும்பியல் மையமும் வந்துச்சு.

15/
போலியோ வந்த குழந்தைகளை நிற்க வைக்கிறதுதான் அந்த மாதிரி மையங்களோட வேலை. இரும்புப் பட்டையும் தோல் வாரும் வச்ச காலிப்பர், ஒரு பக்கம் உயரம் கூட்டின பூட்ஸ், சுருங்கின தசையை நீட்ட மாவுக்கட்டு, ஆபரேஷன், தினமும் பிசியோதெரபி. குழந்தை வளர வளர காலிப்பரும் மாத்தணும். வருஷக்கணக்கான வேலை. ஒரு மூணு நாள் காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு குடும்பம் சுமந்த பாரம் இது.

1980கள்ல இந்தியாவுல வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துல இருந்து 2 லட்சம் குழந்தைகளுக்கு போலியோ வந்ததா மதிப்பீடு. அத்தனை வீட்லயும் ஒரு "காய்ச்சல் வந்துச்சு" கதை இருக்கும்.

16/
இதை மாத்தினது தடுப்பு மருந்துதான். அதுலயும் ஒரு தமிழ்நாட்டுப் பங்கு இருக்கு. வேலூர் சிஎம்சி-யில டாக்டர் டி. ஜேக்கப் ஜான், 1970கள்லயே ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னார்: மேலைநாட்டுக் குழந்தைக்கு 3 தவணை சொட்டு மருந்து போதும், நம்ம குழந்தைக்குப் போதல. அதிக தவணை வேணும். ஒரே சமயத்துல ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்தா வைரஸுக்குத் தங்க இடம் இருக்காதுங்கிற முறையை அவர் வேலூர்ல செஞ்சு காட்டினார்.

17/
1995 டிசம்பர் 9. நாடு முழுக்க முதல் போலியோ சொட்டு மருந்து நாள். என் வயசுக்காரங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்: காலையில சத்துணவுக் கூடம், பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல்னு எங்க பார்த்தாலும் ஒரு மேஜை, ஐஸ் பெட்டி, ரெண்டு சொட்டு, இடது கை சுண்டு விரல்ல மை. தமிழ்நாட்ல மட்டும் சுமார் 43 ஆயிரம் மையங்கள் ஒரே நாள்ல இயங்கின காலம் உண்டு.

தமிழ்நாட்டோட கடைசி போலியோ நோயாளி 2004ல. இந்தியாவோட கடைசி, 2011 ஜனவரியில ஹவுராவுல. 2014 மார்ச் 27 அன்னைக்கு போலியோ இல்லாத பகுதினு சான்றிதழ் வந்துச்சு.

18/
இன்னைக்கும் காவல் போட்டுத்தான் வச்சிருக்கோம். 15 வயசுக்குக் கீழ இருக்கிற எந்தக் குழந்தைக்கும் திடீர்னு கை கால் தளர்ந்தா, காரணம் எதுவா இருந்தாலும் நாங்க அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும். 24 மணி நேர இடைவெளியில ரெண்டு மல மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குப் போகும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல அந்த ஆய்வகம் இருக்கு. ஒரு காலத்துல பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிச்ச இடம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான்ல இன்னும் வைரஸ் இருக்கிற வரைக்கும் இந்தக் காவல் தொடரும்.

19/
இப்போ இன்னைய அம்மாக்களோட கேள்விக்கு வர்றேன். "அப்போ 45 நாள் ஊசி போட்டா கால் போயிடுமா? எங்க பாட்டி வேண்டாம்ங்கிறாங்க."

போகாது. காரணம் மூணு. ஒண்ணு, அன்னைக்கு ஊசியோட சேர்ந்து கெடுதல் பண்ணின அந்தக் காட்டு வைரஸ் இன்னைக்கு நம்ம ஊர்ல இல்ல. ரெண்டு, பிறந்தப்போவே முதல் போலியோ சொட்டு மருந்து உள்ள போயிருக்கு. மூணு, 45 நாள்ல சொட்டு மருந்தோட போலியோ ஊசியும் சேர்த்துப் போடுறோம். அந்த ஊசி தசைக்குள்ள போறதுகூட இல்ல, மேல் கைத் தோலுக்குள்ள போற சின்ன ஊசி.

கால் போகக் கூடாதுனு நினைச்சா, போட வேண்டிய ஊசியே அதுதான்.

20/
2011 டிசம்பர்ல தமிழ்நாட்லயும் கேரளாவுலயும்தான் இந்தியாவுலயே முதல்ல பென்டாவேலன்ட் தடுப்பூசி வந்துச்சு. அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி, தொடையில. இன்னைக்கு நிறைய குழந்தைகளுக்கு முதல் காய்ச்சலே இந்த 45வது நாள் ஊசிக்கு அப்புறம் வர்ற காய்ச்சல்தான்.

போட்ட இடத்துல வீக்கம், அழுகை, ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல். உடம்பு எதிர்ப்பு சக்தி தயாரிக்குதுனு அர்த்தம். பயந்து போய் 75வது நாள் ஊசியை விட்டுடாதீங்க. அந்தக் காய்ச்சலைக் குறைக்க இன்னொரு ஊசியும் கேட்காதீங்க.

21/
மத்தபடி முதல் காய்ச்சலுக்கு என்ன செய்யணும்? முதல்ல வயசைப் பாருங்க.

3 மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதுக்கு மேலயோ இருந்தா, வீட்ல வச்சுப் பார்க்கக் கூடாது. நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒரே விதிவிலக்கு, தடுப்பூசி போட்ட 48 மணி நேரத்துக்குள்ள வந்த காய்ச்சல், அதுவும் குழந்தை நல்லா பால் குடிச்சு சுறுசுறுப்பா இருந்தா மட்டும். பால் குடிக்கலைனாலோ, சோர்ந்து கிடந்தாலோ, 48 மணி நேரம் தாண்டினாலோ கிளம்பிடுங்க.

22/
மருந்துனா பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்கு ஏத்த அளவு. வயசை வச்சு இல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்த அளவும் இல்ல.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: டிராப்பர் வச்சு வர்ற சொட்டு மருந்து பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மி.கி. சிரப் பெரும்பாலும் 5 மில்லிக்கு 125 மி.கி. 3 மில்லி சிரப்புல 75 மி.கி. இருக்கும். அதே 3 மில்லியை சொட்டு மருந்து பாட்டில்ல இருந்து எடுத்தா 300 மி.கி. நாலு மடங்கு! பாட்டிலை மாத்தினா அளவும் மாறும். டாக்டர்கிட்ட "எத்தனை மில்லி, எந்த பாட்டில்ல"னு எழுதி வாங்குங்க.

23/
தாய்ப்பால் அடிக்கடி கொடுங்க. மெல்லிசா ஒரு பருத்தித் துணி போதும், கம்பளி வேண்டாம். ஐஸ் தண்ணி ஒத்தடம் வேண்டாம். கற்பூரம், மென்தால் கலந்த தைலம் எதையும் கைக்குழந்தை நெற்றியிலயோ மூக்குலயோ தடவாதீங்க. ஆஸ்பிரின் கூடவே கூடாது. வீட்ல மிச்சம் இருக்கிற பழைய ஆன்டிபயாடிக் சிரப்பையும் எடுக்காதீங்க.

வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில சாவிக்கொத்து, வாயில ஸ்பூன், தண்ணி எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

24/
எந்த வயசா இருந்தாலும் உடனே வர வேண்டிய அறிகுறிகள்: பால் குடிக்க மறுக்கிறது, எழுப்பினாலும் மயங்கி மயங்கித் தூங்குறது, வேகமா மூச்சு விடுறது அல்லது மூச்சு விடும்போது விலா உள்வாங்குறது, உச்சிக்குழி புடைச்சிருக்கிறது, உதடு நீலமாகிறது, சிறுநீர் குறையுறது, உடம்புல சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், கையோ காலோ அசைக்காம இருக்கிறது.

தெர்மாமீட்டர் காட்டுற எண்ணை விட இந்தப் பட்டியல் முக்கியம். 102 டிகிரியில விளையாடுற குழந்தையை விட, 100 டிகிரியில துவண்டு கிடக்கிற குழந்தைதான் எங்களைப் பயமுறுத்தும்.

25/
ஊசியே தப்புனு நான் சொல்லல. ஒரு மாசக் குழந்தைக்கு ரத்தத்துல கிருமித் தொற்றுனா, ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசியாத்தான் ஆன்டிபயாடிக் கொடுப்போம். அது உயிர் காக்கும், அதை மறுக்காதீங்க. வேண்டாம்ங்கிறது, சாதாரண காய்ச்சல் சீக்கிரம் இறங்கணும்னு இடுப்புல போடச் சொல்லிக் கேட்கிற அந்த ஒரு ஊசியை. வாய் வழியா கொடுக்கிற பாராசிட்டமாலே ஒரு மணி நேரத்துக்குள்ள வேலையைத் தொடங்கிடும். ஊசி போட்ட இடத்துல சீழ் கட்டுறதும், தப்பான இடத்துல பட்டு கால் நரம்பு பாதிக்கிறதும் போலியோ போனப்புறமும் நடக்கிற விஷயங்கள்.

26/
கடைசியா, இதைப் படிக்கிற மூத்த அம்மாக்களுக்கு. "நான்தான் தூக்கிட்டுப் போய் ஊசி போட வச்சேன்"னு இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்தீங்கனா, இறக்கி வச்சிடுங்க. காய்ச்சல்ல துவண்ட பிள்ளையைத் தூக்கிட்டு மருத்துவர்கிட்ட ஓடினீங்க. எந்த அம்மாவும் அதைத்தான் செய்வா. ஊசியைத் தவிர்க்கணும்னு தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது மருத்துவம். நீங்க இல்ல.

27/
புது அம்மா அப்பாக்களுக்கு ஒண்ணுதான். அடுத்த முறை ஓபி-ல டாக்டர் குழந்தையை முழுசா பார்த்துட்டு, "ஊசி வேண்டாம், இந்த சிரப் இத்தனை மில்லி கொடுங்க, இதெல்லாம் இருந்தா உடனே வாங்க"னு சொன்னா, அவர் அலட்சியமா அனுப்பிட்டார்னு நினைக்காதீங்க. உங்க குழந்தைக்குத் தேவையான வைத்தியம் முழுசா கிடைச்சிடுச்சு.

45, 75, 105வது நாள் ஊசியை மட்டும் தவற விடாதீங்க. பயனுள்ளதா இருந்தா உங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க, முக்கியமா பாட்டிகளுக்கு.